எக்ஸ் வந்தால் அழுத்தாதே

என் மகள் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தது பள்ளிக்கூடம்தான். கைவேலை வகுப்பு என்று சொல்லி, பூ வெட்டுவதற்குக் கலர் பேப்பரும் கொடுத்து, முன் பெஞ்சில் நீளமாக ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணையும் உட்கார வைத்திருந்தார்கள். இவ்வளவையும் அவர்களே ஏற்பாடு செய்துவிட்டு, கடைசியில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

ஒரு சடையின் நுனி ரிப்பனோடு போயிருந்தது. நான் ஷூ கம்பெனியில் பெர்மிஷன் போட்டுவிட்டு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். பிரின்சிபால் அறை வாசலில் என் மகள் நின்று தேம்பிக்கொண்டிருந்தாள். சடை போன பெண் அழவில்லை. அவள்தான் இவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி வெட்டுன?"

"தெரியலம்மா. கத்திரி கையில இருந்துச்சு. சடை முன்னாடி வந்துச்சு. வெட்டுனதுக்கு அப்புறம்தான் வெட்டிட்டேன்னே தெரிஞ்சுது."

அவள் எப்போதும் சொல்கிற பதில் இது. ஷேர் ஆட்டோ நிற்பதற்கு முன்பே குதித்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்ட அன்றும் இதையேதான் சொன்னாள். பள்ளியில் இரண்டாவது பீரியடிலேயே லாங் பெல்லை அடித்து மொத்தப் பள்ளியையும் மைதானத்துக்கு வரவழைத்த அன்றும் இதையேதான். சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். மேடையில் மைக் சும்மா இருந்திருக்கிறது. எடுத்தாள். "அக்காவுக்கு மாப்பிள்ளையோட மீசை பிடிக்கலையாம்!" என்று வாணியம்பாடி வரைக்கும் கேட்கிற மாதிரி அறிவித்துவிட்டாள். நல்ல வேளை, கல்யாணம் நிற்கவில்லை. மீசைதான் போயிற்று.

மீசை விஷயத்தில் சிரித்த சொந்தக்காரர்கள் மற்ற நாட்களில் என்னைப் பார்த்துதான் பேசினார்கள். "பொண்ண வளக்கறதுல கண்டிப்பு கம்மி" என்றார்கள். வேலைக்குப் போகிற அம்மா என்றார்கள். எனக்கு இயற்கையிலேயே மூக்குக்கு மேல் கோபம் வரும். பதிலுக்குப் பதில் கொடுத்துவிடுவேன். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்ததும் அதே கேள்வி எனக்குள்ளேயே வரும். நான்தான் சரியாக வளர்க்கவில்லையோ?

பிரின்சிபால் மேடம் மோசமானவர் இல்லை. களைத்துப் போயிருந்தார், அவ்வளவுதான். வகுப்பு மிஸ் ஏற்கெனவே சந்தேகப்பட்ட விஷயத்தை அவர் அன்று நேராகவே சொன்னார். ஏ.டி.எச்.டி. என்று ஒன்று உண்டு. கவனம் ஓரிடத்தில் நிற்காது, உடம்பு சும்மா இருக்காது, யோசனை வருவதற்குள் கை முந்திக்கொள்ளும். சில பிள்ளைகளுக்கு இதில் ஒன்று ஜாஸ்தியாக இருக்கும், ஒன்று கம்மியாக இருக்கும். என் மகளுக்கு அந்தக் கடைசி விஷயம்தான் தலைக்கு மேல் இருப்பதாக அவர்களுக்குப் பட்டது.

"அப்படின்னா அது நோவு மாதிரிம்மா. நாங்க அதுக்கு ஏத்தபடி பார்த்துக்கலாம். முன்னாடி உக்கார வைக்கலாம், ஸ்பெஷல் டீச்சர் வாரத்துல ரெண்டு நாள் வர்றாங்க, அவங்ககிட்ட விடலாம். ஆனா அது இல்லன்னா, இதெல்லாம் திமிருன்னுதான் மத்த பேரண்ட்ஸ் சொல்றாங்க. என்னால எத்தனை பேருக்குப் பதில் சொல்ல முடியும்? காலாண்டு லீவு முடிஞ்சு வரும்போது டாக்டர் ரிப்போர்ட்டோட வாங்க. இல்லன்னா டி.சி. வாங்கிக்கோங்க. கோவிச்சுக்காதீங்க."

நாலாம் வகுப்பில், நடு வருஷத்தில் டி.சி. ஆம்பூர் என்ன பெரிய பட்டணமா? அடுத்த பள்ளிக்கூடத்தில் கால் வைப்பதற்குள் சடை வெட்டிய கதை அங்கே போய் உட்கார்ந்திருக்கும். ரிப்போர்ட் வேண்டும். அதைத் தவிர வேறு வழியில்லை.

வேலூரில் காட்பாடி போகிற ரோட்டில் குழந்தைகளுக்கான ஒரு மையத்தில் தேதி கேட்டோம். மூன்று வாரம் கழித்துக் கிடைத்தது. என் வீட்டுக்காரருக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. ஷிப்ட் மாற்ற முடியாது என்று அவர் கையை விரித்துவிட்டார். அப்போதுதான் என் அண்ணன் களத்தில் இறங்கினான்.

என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு செல்போன் கடையின் மாடியில் கோச்சிங் சென்டர் நடத்துகிறான். போலீஸ் வேலைக்கும் குரூப் ஃபோருக்கும் தயார் செய்கிற சென்டர். யாராவது "பரீட்சை" என்று சொல்லத் தொடங்கினால் "ரீட்சை" வருவதற்குள் "பேட்டர்ன் இன்னா?" என்று கேட்பான். உலகத்தில் எல்லாப் பரீட்சைக்கும் ஒரு பேட்டர்ன் உண்டு, அதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது அவன் மதம். தாய்மாமன் வேறு. காது குத்தியபோது மடியில் உட்கார வைத்துக்கொண்ட பிள்ளை ஒரு டெஸ்ட்டில் தோற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பானா?

"அது பாஸ் ஃபெயில் டெஸ்ட் இல்லண்ணா. இன்னா கோளாறுன்னு பாக்கற—"

"டெஸ்ட்டுன்னா டெஸ்ட்டுதான். நீ உன் வேலையப் பாரு. பேட்டர்ன நான் பிடிக்கிறேன்."

பிடித்தும் விட்டான். எங்கள் கம்பெனி பஸ்ஸில் பேரணாம்பட்டிலிருந்து ஒரு அக்கா வருவார். அவர் மகனுக்கு முந்தின வருஷம் இதே மாதிரி டெஸ்ட் நடந்திருந்தது. அண்ணன் அந்தப் பையனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து விஷயத்தை மொத்தமாகக் கறந்துவிட்டான். கம்ப்யூட்டரில் இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றாக வரும். எது வந்தாலும் கீபோர்டில் இருக்கிற நீளப் பட்டனை டக்கென்று அழுத்த வேண்டும். எக்ஸ் வந்தால் மட்டும் அழுத்தக் கூடாது. எழுத்து மேல் எழுத்தாக வந்துகொண்டே இருப்பதால் கை ஓட்டத்தில் போய்க்கொண்டிருக்கும். நடுவில் திடீரென்று எக்ஸ் வரும்போது கையை நிறுத்த முடிகிறதா என்பதுதான் சோதனை. நிறுத்த முடியாமல் எத்தனை தடவை அழுத்துகிறார்களோ அதுதான் கணக்கு.

அடுத்த நாளே சென்டரில் மாடல் டெஸ்ட் தயார். கம்ப்யூட்டரில் எழுத்துகள் ஓட, என் மகள் நாற்காலியில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். முதல் நாள் எல்லா எக்ஸையும் அழுத்தினாள். எழுத்தே வராதபோதும் அழுத்தினாள். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் அழுத்தினாள். அண்ணன் அசரவில்லை. டெக்னிக் கண்டுபிடித்தான். இடது கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொள். எழுத்தைப் பார்த்ததும் வாய்க்குள் ஒரு "ம்" சொல்லு. அந்த "ம்"முக்குப் பிறகுதான் விரல் போக வேண்டும்.

எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பாடத்தை விட்டுவிட்டுச் சுற்றி நின்று பார்த்தார்கள். எக்ஸ் வந்து அவள் அழுத்தாமல் விட்டால் கைதட்டல். பள்ளியில் அவளுக்கு ஒருநாளும் கிடைக்காத கைதட்டல். சாயங்காலம் கம்பெனி விட்டு நான் போய்க் கூப்பிட்டால் வர மாட்டாள். "இன்னும் ஒரு செட்டும்மா" என்பாள். இவளா ஓரிடத்தில் உட்காராத பிள்ளை என்று எனக்கே மலைப்பாக இருந்தது. உண்மையைச் சொன்னால் பெருமையாகவும் இருந்தது.

வேலூர் போன அன்று பஸ்ஸில் அண்ணன் அவளுக்குக் கடைசி நிமிட டிப்ஸ் கொடுத்துக்கொண்டே வந்தான். எனக்கும் கொடுத்தான். மையத்தில் பெற்றோரிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். பிள்ளை தன் முறைக்குக் காத்திருக்கிறதா, கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிறதா, ரோட்டில் பார்க்காமல் ஓடுகிறதா என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, மிக அடிக்கடி என்று நாலு கட்டம்.

"எல்லாத்துக்கும் 'எப்போதாவது' போட்டுடு. சேஃப்" என்றான் அண்ணன். எனக்கும் அது வசதியாகவே இருந்தது. சொந்தக்காரர்கள் முன்னால் என் பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் பேசிப் பேசி, அந்த "எப்போதாவது" எனக்கு நாக்கில் தயாராக இருக்கும் வார்த்தை. டிக் டிக் என்று போட்டுக் கொடுத்துவிட்டேன்.

சைக்காலஜிஸ்ட் மேடம் என்னைவிட வயதில் சின்னவர். மகளைக் கைபிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கதவில் ஒரு கண்ணாடிப் பட்டை இருந்தது. நானும் அண்ணனும் அதில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றோம். திரையில் எழுத்து ஓடுவது எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் இடது கை தொடைக்குக் கீழே போயிருந்தது நன்றாகத் தெரிந்தது. அண்ணன் வாய்க்குள் "ம்... ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா அவனுக்குத்தான் ஏதோ வைத்தியம் என்று நினைத்திருப்பார்.

முடிந்து வெளியே வந்த மேடம் எங்களை உள்ளே உட்கார வைத்தார். "ரொம்ப நல்லா பண்ணியிருக்கா" என்றார். "ஒரு எக்ஸுக்குக்கூட அழுத்தல."

அண்ணன் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான். நான் மகளை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

"நீங்க எழுதிக் கொடுத்ததும் பார்த்தேன். வீட்லயும் பெருசா ஒண்ணும் இல்லைன்னு சொல்றீங்க. அப்ப இந்த டெஸ்ட்டுப்படியும் வீட்டுப்படியும் இவளுக்கு அவசர புத்தின்னு சொல்ல எதுவும் இல்லம்மா. ஸ்கூல்ல மட்டும் பிரச்சினைன்னா, ஏ.டி.எச்.டி.ன்னு ரிப்போர்ட் எழுத முடியாது."

"தேங்க்ஸ் மேடம்" என்று அண்ணன் எழுந்தே விட்டான். எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. கோளாறு இல்லை என்றால் ரிப்போர்ட் இல்லை. ரிப்போர்ட் இல்லை என்றால் டி.சி. இவ்வளவு நாள் நாங்கள் ஊரைக் கூட்டிக் கைதட்டிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது, பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே போவதற்கான பாடம்.

மேடம் அதற்குள் வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார். "ஆனா ஒண்ணு" என்றார். "இந்த டெஸ்ட்டுல நானே ரெண்டு மூணு தப்பு பண்ணுவேன். இவ ஒண்ணுகூடப் பண்ணல. ஒவ்வொரு தடவையும் 'ம்' 'ம்'ன்னு வேற சொல்றா." மகள் பக்கம் திரும்பினார். "பாப்பா, இந்த மாதிரி கேம் முன்னாடி நீ எங்கயாச்சும்—"

"மாமா சென்டர்ல! டெய்லி! எக்ஸ் வந்தா அழுத்தாதன்னு மாமாதான் சொல்லிக் குடுத்தாரு! எஸ்.ஐ. அண்ணாங்கல்லாம் கை தட்டுனாங்க!"

கேள்வி பாதியில்தான் இருந்தது. பதில் முழுசாக வந்துவிட்டது. அண்ணன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேடம் திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் சிரித்துவிட்டார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "சார், ஜுரம் பார்க்கக் கூட்டிக்கினு வர்றப்ப, குழந்தை வாயில ஐஸ் கட்டியப் போட்டுக் கூட்டிக்கினு வந்திருக்கீங்க. இனிமே கொஞ்ச காலத்துக்கு இந்த டெஸ்ட்ட இவளுக்கு வைக்கவே முடியாது. எது வந்தாலும் அது நீங்க சொல்லிக் கொடுத்ததத்தான் காட்டும்."

பள்ளி திறக்க இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. வராந்தாவுக்கு வந்ததும் நான் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். அது ஆஸ்பத்திரி மாதிரி இடம், மெதுவாகப் பேச வேண்டும் என்பதெல்லாம் மறந்துபோயிற்று.

"பேட்டர்ன் பிடிக்கிறியா நீ? என் பொண்ணு டி.சி. வாங்கற பேட்டர்னத்தான் பிடிச்சிருக்க! இன்னா வேலண்ணா இது? யாரு உன்னக் கேட்டது?"

அவன் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் படிக்கிற மாதிரி நின்றான். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. மகள்தான் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் ஒரு தப்புகூட பண்ணலியேம்மா. அப்புறம் ஏன் மாமாவ திட்ற?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பரீட்சையில் முழு மார்க் எடுத்த பிள்ளை அவள். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மேடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இந்தக் கம்ப்யூட்டர் டெஸ்ட் ஒன்றை வைத்து அவர்கள் எதையும் முடிவு செய்வதில்லை என்றார். வேறு வழிகள் உண்டு. வகுப்பு மிஸ்ஸிடமும் அதே கேள்விகளைக் கேட்பார்கள். டாக்டர் பார்ப்பார். வேறு ஒரு டெஸ்ட்டும் உண்டு. "ஆனா முதல்ல உங்ககிட்ட நான் தனியா பேசணும். அந்த 'எப்போதாவது' எல்லாம் இல்லாம."

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு மறுபடி போனேன். மேடம் கேள்விகளைக் கட்டம் இல்லாமல் வாயால் கேட்டார். நேற்று என்ன நடந்தது, போன ஞாயிறு என்ன நடந்தது, ஆட்டோவில் எப்படி, சாப்பாட்டு நேரத்தில் எப்படி. முதலில் ஒன்றிரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டேன். பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு வெளி ஆளிடம் குறை சொல்வதா?

கம்பெனியில் என் வேலை தோலைப் பார்ப்பது. மேசையில் தோலை விரித்து, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், நரம்பு ஓட்டம் எல்லாவற்றையும் சில்வர் பேனாவால் வட்டம் போட வேண்டும். வட்டம் போடுவது தோலைக் குப்பையில் போடுவதற்கு இல்லை. கட்டிங்கில் இருக்கிறவர் அந்த இடத்தைத் தவிர்த்து அச்சை வைப்பார், அவ்வளவுதான். வட்டம் போடாமல் நான் இரக்கப்பட்டு விட்டால் அந்தத் தழும்பு ஷூவின் முன் மூக்கில் வந்து உட்காரும். தினமும் நாள் முழுக்கச் செய்கிற வேலை இது. இதை என் வீட்டில் செய்ய எனக்கு இவ்வளவு வலித்தது.

பேச ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. பைபாஸில் கையை உதறிக்கொண்டு ஓடியது, லாரிக்காரர் பிரேக் போட்டது, அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்தில் வருவது. இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தது. விளையாட்டில் முறை வரும்வரை நிற்க முடியாமல் எல்லாப் பிள்ளைகளோடும் சண்டை போட்டு, பிறந்த நாளுக்கு ஒருத்தரும் வீட்டுக்கு வராதது. கேக்கை நாங்கள் மூன்று பேரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சாப்பிட்டது. மேடம் எழுதிக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரரிடமும் போனில் பேசினார். அவர் ஷிப்ட் முடிந்த கையோடு, நான் சொன்னதற்கு மேலேயே சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் இதையெல்லாம் கவனிக்கிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

புது டெஸ்ட் நடந்த அன்று அண்ணனும் வந்தான். வராதே என்று நான் சொல்லியிருந்தேன். எங்கள் பஸ் வேலூர் போய்ச் சேருவதற்குள் பைக்கில் வந்து மையத்து வாசலில் நின்றான். மேடத்திடம் போய் முதலில் மன்னிப்புக் கேட்டான். அடுத்த வாக்கியத்திலேயே பேட்டர்ன் கேட்டான்.

"சொல்றேன் சார், இதைச் சொல்லிக் கொடுத்தாலும் ஒண்ணும் ஆவாது" என்றார் மேடம். திரையில் அம்புக்குறி வரும். இடது பக்கம் காட்டினால் இடது பட்டன், வலது பக்கம் காட்டினால் வலது பட்டன். வேகமாக அழுத்த வேண்டும். சில தடவை அம்புக்குறி வந்த பிறகு "பீப்" என்று சத்தம் வரும். சத்தம் கேட்டால் அழுத்தக் கூடாது. நிறுத்திவிட்டால் அடுத்த தடவை சத்தம் இன்னும் தாமதமாக வரும். நிறுத்த முடியாவிட்டால் சீக்கிரம் வரும். ஆக எவ்வளவு கெட்டிக்காரர் உட்கார்ந்தாலும் பீப் வருகிற தடவைகளில் ஏறக்குறையப் பாதியில் தோற்றுத்தான் ஆக வேண்டும்.

"யாருமே நூத்துக்கு நூறு எடுக்க முடியாதா?" அண்ணன் முகத்தில் அப்படி ஒரு அதிர்ச்சி. "இது இன்னா அநியாயம்?"

"மார்க் இல்ல சார். கிளம்பின கையை நிறுத்த ஒரு மூளைக்கு எவ்ளோ நேரம் வேணும்னு பார்க்கிறோம். இவளுக்கு மத்த பிள்ளைங்களவிட ஜாஸ்தி நேரம் வேணும்னா, அது இவ குத்தம் இல்லன்னு நமக்குத் தெரியும்."

மகள் உள்ளே போய் டெஸ்ட்டை முடித்துவிட்டு வந்தாள். "மாமா, இது உன் டெஸ்ட்டவிடக் கஷ்டம்! நீ பண்ணிப் பாரேன்!" என்று அவனை இழுத்தாள். மேடமும் சிரித்துக்கொண்டே பயிற்சிச் சுற்றை மட்டும் போட்டுக் கொடுத்தார்.

அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அம்பு வந்தது, அழுத்தினான். அம்பு வந்தது, பீப் வந்தது, அழுத்தினான். மறுபடி பீப், மறுபடி அழுத்தினான். "மாமா அவுட்! மாமா மறுபடி அவுட்!" என்று மகள் குதித்தாள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். சத்தம் சீக்கிரம் சீக்கிரமாக வந்துகொண்டே இருந்தது. அம்போடு ஒட்டிக்கொண்டே வந்தது. அப்போதும் அழுத்தினான்.

சுற்று முடிந்தது. அவன் பட்டன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"பீப் சத்தம் காதுல விழுந்துச்சு மேடம்" என்றான். "கைதான் கேக்கல."

என் சிரிப்பு நின்றுவிட்டது. என் அண்ணன் எழுதாத பரீட்சை இல்லை. அவனிடம் படித்தவர்கள் இன்று ஸ்டேஷனிலும் தாலுகா ஆபீஸிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லா விடையும் தெரிந்த அவன் மட்டும் ஒவ்வொரு தடவையும் நூலிழையில் கோட்டை விட்டுவிடுவான். "எது தவறு" என்று கேட்ட கேள்விக்குச் சரியானதைக் குறித்துவிட்டு வருவான். கேள்வியை முழுசாகப் படித்தாயா என்று அப்பா கேட்டு அடித்திருக்கிறார். திமிர் என்றுதான் எங்கள் வீட்டிலும் அதற்குப் பெயர். கேட்டுக் கேட்டு அவனே அப்படித்தான் நம்பியிருந்தான்.

"பெரியவங்களுக்கும் இருக்குமா மேடம்?"

"டெஸ்ட்டா?"

"இல்ல மேடம். இது."

"இருக்கும் சார்" என்றார் மேடம், குரலைத் தாழ்த்தி. "நிறைய பேர் தெரியாமலே இருக்காங்க. இந்த விளையாட்ட வெச்சு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க ஒரு நாள் தனியா வாங்க. பெரியவங்களப் பார்க்கற டாக்டர்கிட்ட சொல்றேன்."

அவன் சரி என்று தலையாட்டிவிட்டு, பைக் எடுக்கிற சாக்கில் வெளியே போனான். என் மகள் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தாள். எதையும் கேட்காத மாதிரிதான் இருந்தாள்.

பள்ளி திறந்த அன்று ரிப்போர்ட்டோடு போனோம். முந்தின சாயங்காலம்தான் கைக்கு வந்திருந்தது. ஏ.டி.எச்.டி. என்றே எழுதி, டாக்டர் கையெழுத்தும் சீலும் போட்டிருந்தார்கள். அண்ணன் மகளுக்கு வழியெல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு வந்தான்: "சாரி மிஸ், இனிமே பண்ண மாட்டேன்." இந்த ஆளை என்ன செய்வது?

பிரின்சிபால் மேடம் நிதானமாகப் படித்தார். பக்கத்தில் வகுப்பு மிஸ் நின்றுகொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் பள்ளி என்னென்ன செய்யலாம் என்று எழுதியிருந்ததை மேடம் மிஸ்ஸுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். முன் பெஞ்ச். நடுநடுவே எழுந்து நடக்கிற மாதிரி சாக்பீஸ் எடுத்துவர, நோட்டு விநியோகிக்க என்று வேலை. பதில் சொல்வதற்கு முன் நேரம் கொடுப்பது.

"கத்தரிக்கோல் மட்டும் மிஸ் பக்கத்துல இருக்கும்போதுதான்" என்று மேடம் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "டி.சி. பேச்சை விட்டுடுங்கம்மா. நாங்க பார்த்துக்கறோம்."

அண்ணன் மகளின் முதுகைத் தொட்டு, சொல்லு சொல்லு என்று தூண்டினான். அவள் மேசைக்குப் பக்கத்தில் போனாள்.

"மிஸ், நான் வேணும்னு பண்ணலன்னு அதுல எழுதியிருக்கா?"

பிரின்சிபால் மேடம் அவளைப் பார்த்தார். மூடி வைத்த ரிப்போர்ட்டை மறுபடி திறந்தார். ஒரு வரியில் விரலை வைத்து, அவளுக்கும் தெரிகிற மாதிரித் திருப்பிக் காட்டினார்.

"எழுதியிருக்கும்மா."

மகள் அந்த வரியை எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். இங்கிலீஷில் பெரிய பெரிய வார்த்தையாக இருந்தது. பாதியிலேயே தலையைத் தூக்கிவிட்டாள்.

"எங்க மாமாவுக்கும் இந்த மாதிரி ஒண்ணு வேணும் மிஸ். அவரும் வேணும்னு பண்ணல."

யார் எதைக் கேட்டாலும் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிற என் அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினான்.